ஏறவும் வேண்டாம், இறங்கவும் வேண்டாம்

பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் யாரிடமாவது காண்டூர் என்று சொல்லிப் பாருங்கள். கால்வாயைத்தான் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்வார்கள். "காண்டூர்ல தண்ணி உட்டாச்சுங்களா?" "இல்லீங், கரை வேலை நடக்குதாம், இன்னும் பத்து நாள் ஆகும்." தோட்டங்காட்டில் தினமும் புழங்குகிற சொல் அது. சர்க்கார்பதி மின் நிலையத்தில் தொடங்கி, ஆனைமலை அடிவாரத்தை ஒட்டியே 49 கிலோமீட்டர் வளைந்து வளைந்து வந்து திருமூர்த்தி அணையில் சேரும் கால்வாய். சின்ன வயதில் அதை ஏதோ ஓர் ஊரின் பெயர் என்றே நினைத்திருந்தேன். கடலூர், கூடலூர் போல ஒரு காண்டூர்.

அது ஊரல்ல, ஒரு கோடு என்று எனக்குக் காட்டியவர் அப்புச்சி, அம்மாவைப் பெற்றவர். அவர் காட்டியது ஒரு பழைய வரைபடத்தில்.

அப்புச்சியின் ஊர் சேத்துமடைப் பக்கம். வாசலில் நின்றால் மலை நேரே எழும்பி நிற்கும். எங்கள் ஊர் உடுமலைக்கு வடகிழக்கே, மழை எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற காடு. கால்வாயின் தலை அம்மா பிறந்த ஊர்ப் பக்கம். அதன் தண்ணீர் கடைசியில் வந்து சேர்கிற கடைமடை அப்பா ஊரில். இரண்டுக்கும் நடுவில்தான் என் கோடை விடுமுறைகள் போயின.

பரம்பிக்குளம் ஆழியாறுத் திட்ட வேலை நடந்த காலத்தில் அப்புச்சி சர்வே பார்ட்டியில் செயின்மேனாகச் சேர்ந்தார். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். சங்கிலி இழுப்பது, கொடிக்கம்பு நடுவது, லெவல் பார்க்கும்போது ஸ்டாஃப் என்கிற அளவுகோலை ஆடாமல் அசையாமல் பிடித்து நிற்பது, இதுதான் வேலை. முகாமைக் கலைத்தபோது, ஓரம் செல்லரித்த ஒரு வரைபடத்தை இனி ஆகாது என்று கழித்துப் போட்டிருக்கிறார்கள். அதைக் கேட்டு வாங்கி வந்து, கிரையப் பத்திரங்களோடு சேர்த்து டிரங்குப் பெட்டியில் வைத்துவிட்டார். எங்கள் வீட்டில் அதற்கு 'மலைப்படம்' என்று பெயர்.

மலைப்படத்தை எடுக்கிற நாள் வீட்டில் ஒரு தனி நாள் மாதிரி இருக்கும். கயிற்றுக் கட்டிலை வாசலில் போட்டு, ஜமுக்காளம் விரித்து, கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்த பிறகுதான் பெட்டி திறக்கும். "ஈரக் கையோட தொட்றாத கண்ணு, ஆறெல்லாம் கரைஞ்சு போயிரும்" என்பார். நான் உண்மையிலேயே கரைந்துவிடும் என்று நம்பிக் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வேன்.

இப்போது அது என்னிடம் இருக்கிறது. இதை எழுதும்போதும் மேசைமேல் விரித்துத்தான் வைத்திருக்கிறேன்.

ஒரு கஜத்தில் பாதிக்குக் கொஞ்சம் கூடுதலான தாள். அதை எட்டுத் துண்டாக வெட்டி, துண்டுக்குத் துண்டு ஒரு மயிரிழை இடைவெளி விட்டு, துணிமேல் ஒட்டியிருக்கிறார்கள். மடித்தால் மடிப்பு துணியில் விழும், தாளில் விழாது. காட்டில் மழையிலும் வியர்வையிலும் நாளைக்கு இருபது தடவை விரித்து மடிக்கிற ஆட்களுக்காகச் செய்த ஏற்பாடு. துணி இன்று காப்பித்தூள் நிறத்துக்கு வந்துவிட்டது. ஆனால் அச்சு நிறங்கள் அப்படியே இருக்கின்றன. எழுத்தும் எல்லையும் கறுப்பு, நீர் நீலம், பாதையும் குடியிருப்பும் சிவப்பு, காடு பச்சை, உழவு நிலம் மஞ்சள். அந்தப் பச்சைமேல், தாள் முழுக்க, பழுப்பு நிறத்தில் மெல்லிய கோடுகள். ஆயிரக்கணக்கில். முதலில் பார்க்கிறவருக்கு நெற்றிச் சுருக்கம் போலவோ, பலகையில் மரத்தின் ரேகை போலவோ தெரியும். அந்தப் பழுப்புக் கோடுதான் காண்டூர். பாடப்புத்தகத் தமிழில் சமஉயரக் கோடு.

மேல் மூலையில் 58 பி/15 என்று எண். இந்திய நில அளவைத் துறை நாட்டை நாலு பாகை நீளம், நாலு பாகை அகலமாகப் பெரிய பாத்திகளாகப் பிரித்து எண் கொடுத்திருக்கிறது. நம் மேற்கு மண்டலத்தின் பெரும்பகுதி 58ஆம் பாத்தி. அதைப் பதினாறாக்கி எழுத்து, ஒவ்வோர் எழுத்தையும் மறுபடி பதினாறாக்கி எண். தண்ணீர் கட்டுகிறவருக்கு இதைச் சொல்லிக் கொடுக்கவே வேண்டாம், பாத்திக்குள் பாத்தி. கோவை நகரம் 58 ஏ/16. ஆனைமுடி 58 எஃப்/4. என் கையில் இருக்கும் 58 பி/15 ஒரு தாளுக்குள் டாப்ஸ்லிப், வால்பாறை, பரம்பிக்குளம், சோலையாறு, ஆழியாறு பள்ளத்தாக்கின் வாய் எல்லாவற்றையும் அடக்கிக்கொண்டிருக்கிறது. அளவு, ஒரு மைலுக்கு ஓர் அங்குலம். அதாவது நிலத்தில் 63,360 அங்குலம் தாளில் ஓர் அங்குலமாகச் சுருங்கியிருக்கிறது. பதினேழு மைல் மலை, பதினேழு அங்குலத்தில்.

அச்சிட்ட ஆண்டு இருந்த கீழ் ஓரம்தான் செல்லுக்குப் போய்விட்டது. ஆனாலும் வயதைத் தாளே சொல்கிறது. மேற்கு ஓரத்தில் பரம்பிக்குளம் காட்டுக்குள் ஒரு கறுப்புக் கோடு, சின்னச் சின்னக் குறுக்கு வெட்டுகளோடு தலை நீட்டுகிறது. அது டிராம் பாதை. கொச்சி சமஸ்தானம் காட்டிலிருந்து தேக்கைச் சாலக்குடிக்கு இறக்குவதற்காகப் போட்டது, 1907இல் ஓடத் தொடங்கியது. ஆக, தாள் அதற்குப் பிந்தியது. எல்லைக்கு அந்தப் பக்கம் 'கொச்சின் ஸ்டேட்' என்று அச்சாகியிருக்கிறது. 1949இல் கொச்சி திருவிதாங்கூரோடு சேர்ந்துவிட்டது. ஆக, அதற்கு முந்தியது. அந்த டிராமும் 1963இல் நின்றுபோனது. தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துவிட்டார்கள். தாளில் மட்டும் அது இன்னும் மரம் இறக்கிக்கொண்டிருக்கிறது.

இன்னொரு அடையாளம், எல்லாவற்றையும் விடப் பெரியது. இந்தப் படத்தில் ஓர் அணைகூட இல்லை. அதற்கு அப்புறம் வருகிறேன்.

பழுப்புக் கோட்டை அப்புச்சி எனக்கு விளக்கிய விதத்தைச் சொல்லியாக வேண்டும். நான் நாலாவது படித்துக்கொண்டிருந்தேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் அகலச் சட்டி ஒன்றை எடுத்து வந்து நடுவில் ஒரு செங்கல் உடைசலை வைத்தார். மேலே கூர்மை, கீழே அகலம், ஒரு பக்கம் செங்குத்து, ஒரு பக்கம் சாய்வு, நடுவில் மேலிருந்து கீழாக ஒரு வெட்டு. சொம்பில் தண்ணீர் எடுத்து விரற்கடை உயரத்துக்கு ஊற்றினார். தண்ணீர் கல்லைத் தொடும் இடத்தைச் சுற்றி ஆணியால் கீறினார். இன்னொரு விரற்கடை ஊற்றினார், இன்னொரு கீறல். இப்படி ஐந்தாறு முறை. கல் முழுகியதும், "இப்ப மேல இருந்து குனிஞ்சு பாரு" என்றார்.

தண்ணீருக்கு அடியில் கல்லின் மேல் வளையத்துக்குள் வளையம். செங்குத்தான பக்கத்தில் கீறல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. சாய்வான பக்கத்தில் தள்ளித்தள்ளி நின்றன. வெட்டு இருந்த இடத்தில் மட்டும் ஒவ்வொரு கீறலும் கல்லின் உச்சியைப் பார்த்து உள்ளே மடங்கிப் போயிருந்தது. கட்டிலில் விரிந்திருந்த படத்தில் ஆழியாற்றின் மேல் பள்ளத்தாக்கைக் காட்டினார். அங்கேயும் பழுப்புக் கோடுகள் எல்லாம் மலையைப் பார்த்து மடங்கியிருந்தன, ஒவ்வொரு மடிப்பின் நடுவிலும் நீலக் கோடு ஓடியது.

"இந்தக் கோட்டுமேலயே நடந்தயின்னு வெச்சுக்க, நீ ஏறவும் வேண்டாம், எறங்கவும் வேண்டாம். மலையச் சுத்திப் பொறப்பட்ட எடத்துக்கே வந்திரலாம்" என்றார் அப்புச்சி.

பின்னாளில் கல்லூரியில் இதற்கு இலக்கணம் படித்தேன். கடல் மட்டத்திலிருந்து சம உயரத்தில் உள்ள புள்ளிகளை இணைக்கும் கற்பனைக் கோடு என்று. சரிதான். ஆனால் அப்புச்சி சொன்னதில் நடக்கிறவனின் கால் இருக்கிறது. எனக்கு இன்றும் அதுதான் இலக்கணம்.

என் படத்தில் கோட்டுக்குக் கோடு நூறு அடி. ஐந்நூறு அடிக்கு ஒரு கோடு தடித்து வரும். இப்போதைய படங்கள் மீட்டருக்கு மாறிவிட்டன. மைலுக்கு அங்குலம் போய் 1:50,000 வந்தது, நூறு அடி போய் இருபது மீட்டர் வந்தது. புதிய படங்களை நில அளவைத் துறையே 2017 முதல் இணையத்தில் இலவசமாகத் தருகிறது. இறக்கிப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டிருக்கிறேன். புதியது துல்லியமானது, விமானப் படங்களை வைத்து வரைந்தது. பழையதை வரைந்தவர்கள் அந்தக் கோடுகளைக் காலால் நடந்து வரைந்தார்கள்.

அந்த வேலை எப்படி நடந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் மலைப்பாக இருக்கிறது. வில்லியம் லாம்டன் 1802இல் சென்னை பரங்கிமலைப் பக்கம் ஏழரை மைல் நீளத்துக்கு ஓர் அடிக்கோட்டைச் சங்கிலி வைத்து அளந்தார். அந்த ஒரு கோட்டின் இரண்டு முனையிலிருந்தும் தூரத்து மேடு ஒன்றைக் கோணம் பார்த்தால் முக்கோணத்தின் மற்ற இரண்டு பக்கமும் கணக்கில் கிடைத்துவிடும். அதன் மேல் அடுத்த முக்கோணம், அதன் மேல் அடுத்தது. 1806இல் நம் கோயம்புத்தூர்ச் சீமையிலும் ஓர் அடிக்கோடு அளந்து, கணக்கு சரியா என்று பார்த்தார். கோணம் பார்க்கும் தியோடலைட் அரை டன் எடை. அதை மலையுச்சிக்குத் தூக்கியவர்கள் பெயர் எதுவும் எந்தப் படத்திலும் இல்லை. என் தாளில் உச்சிகளில் சின்ன முக்கோணமும் நடுவில் ஒரு புள்ளியும் இருக்கும். அந்த முக்கோணத்தைக் காணும்போதெல்லாம் ஒரு சுமை தோளிலிருந்து இறங்கிய சத்தம் எனக்குக் கேட்கும்.

முக்கோணம் எலும்பு. சதை வைத்தது பிளேன் டேபிள்காரர்கள். மூன்று காலில் ஒரு பலகை, அதில் தாள், பார்ப்பதற்கு ஒரு சட்டம், சரிவு பார்க்க ஒரு கருவி. தெரிந்த உச்சிகளைப் பார்த்துத் தான் நிற்கும் இடத்தைத் தாளில் கண்டுபிடித்து, கண்ணுக்கு எட்டுகிற மலையை அங்கேயே நின்று வரைந்தார்கள். காடு மறைத்த இடத்தில் உச்சி மரங்களை வெட்டிக் கண்ணுக்கு வழி செய்தார்கள். சோலைக்காட்டுக்குள் பத்தடி தள்ளி நிற்கிற யானையே தெரியாது. அந்தக் காட்டுக்குள் இவ்வளவு மடிப்பையும் பிடித்திருக்கிறார்கள். சில இடங்களில் தப்பும் இருக்கிறது. தப்பை எண்ணுவதற்கு எனக்கு மனசு வரவில்லை.

பெயர்களுக்கு வருகிறேன். படத்தில் நான் அதிக நேரம் செலவிடுவது இங்கேதான்.

தாளில் உள்ள எழுத்து முழுக்க ஆங்கிலம். மலைப்பெயர்களை வெள்ளைக்கார ஆபீசர்களும் அவர்களுடைய எழுத்தர்களும் காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறார்கள். மானாம்பள்ளியும் கோழிகமுத்தியும் பெருவாரிப்பள்ளமும் ஆங்கில எழுத்தில் நெளிந்து கிடக்கின்றன. டாப்ஸ்லிப் பக்கத்தில் மவுண்ட் ஸ்டூவர்ட் என்ற பெயர் மட்டும் எழுத்துப் பிசகாமல் நிற்கிறது. 1880களில் சென்னை கவர்னராக இருந்த மவுண்ட்ஸ்டூவர்ட் கிராண்ட் டஃப் நினைவாக வைத்த பெயர். தேக்கை வெட்டி மலைச்சரிவில் உருட்டிவிட்ட இடம் டாப்ஸ்லிப் ஆனது. அந்தத் தேக்குக் காடு மொட்டையாகாமல் காத்த ஹியூகோ வுட் என்ற வன அதிகாரியின் கல்லறையும் அங்கேதான் இருக்கிறது.

அந்த நெளிந்த பெயர்களை மெல்ல வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், உள்ளே இருக்கும் தமிழ் எழுந்து வரும். பெருவாரிப்பள்ளம். மற்ற ஊர்களில் பள்ளம் என்றால் குழி. கொங்கு நாட்டில் பள்ளம் என்றால் ஓடை. 'பள்ளத்துல தண்ணி வந்திருச்சு' என்றால் எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வாரி என்றால் வரத்து. பெரிய வரத்துள்ள ஓடை, அவ்வளவுதான். தூணக்கடவு. கடவு என்பது கடக்கிற இடம், காட்டாற்றில் இறங்கி அக்கரைக்குப் போகிற துறை. சர்க்கார்பதியில் வரும் பதி, மலைமக்கள் கூடி வாழும் குடியிருப்பு. ஒவ்வொரு பெயரும் அந்த இடத்தில் என்ன இருக்கிறது, அங்கே எப்படி நடக்க வேண்டும் என்று சொல்லிவைத்த வாக்கு.

அதைச் சொன்னவர்கள் யார்? காடரும் மலசரும் மலைமலசரும் முதுவரும் புலையரும் எரவாளரும். சர்வேக்காரருக்கு முன்னால் நடந்து, இது இன்ன ஆறு, அது இன்ன மேடு என்று கை காட்டியவர்கள் அவர்கள். ஆனால் என் தாளில் வனத்துறையின் ஓய்வு விடுதிக்குத் தனி எழுத்துக் குறி உண்டு, மலைமக்கள் குடிக்கு ஒரு புள்ளிதான், பல இடத்தில் அதுவும் இல்லை. பச்சை நிறத்தின் மேல் 'டென்ஸ் மிக்ஸ்டு ஜங்கிள்' என்று மட்டும் சாய்வெழுத்து. ஒரு காட்டை அதில் வாழ்கிறவர்கள் கொடுத்த பெயர்களைக் கொண்டே நிரப்பிவிட்டு, அவர்களை அடர்ந்த கலப்புக் காடு என்று எழுதி மூடியிருக்கிறார்கள். இந்தப் படத்தின்மேல் எனக்கு எவ்வளவு பிரியம் உண்டோ அவ்வளவு இந்த வருத்தமும் உண்டு.

அப்புச்சிக்கு அது வருத்தமாக இல்லை, நினைவாக இருந்தது. அவர்கள் பார்ட்டிக்கு வழி காட்டியவர் ஒரு மலசர் பெரியவர். மூப்பன் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்களாம். கையில் வெட்டரிவாளோடு முன்னால் போவார். கால்வாய்க்குப் பாதை தேடி லெவல் பார்த்துக்கொண்டு போகும்போது, ஓர் இடத்தில் புதர் மண்டி மேற்கொண்டு போக முடியாமல் போயிற்று. இன்ஜினியர் படத்தை விரித்து யோசித்துக்கொண்டிருக்க, மூப்பன் சற்றுத் தள்ளி ஒரு யானைத்தடத்தைக் காட்டியிருக்கிறார். அகலமான, மிதித்து மிதித்துக் கெட்டியான தடம். அதில் ஸ்டாஃபை வைத்து லெவல் பார்த்தால், ரொம்ப தூரத்துக்குக் கிட்டத்தட்ட ஒரே மட்டம்.

"அவ்வளவு பெரிய ஒடம்பத் தூக்கிட்டு அது எதுக்கு கண்ணு வீணா ஏறி எறங்கும்? யானையும் காண்டூர் பாத்துத்தான் நடக்கும்" என்பார் அப்புச்சி. இதைச் சொல்லும்போதெல்லாம் அவர் குரலில் மரியாதை இருக்கும். அது யானைக்கா மூப்பனுக்கா என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தோன்றியதில்லை.

கால்வாய் சரியாக ஒரே மட்டத்தில் போனால் தண்ணீர் நின்றுவிடும். கொஞ்சமே கொஞ்சம் சரிவு வேண்டும். கூடினால் கரையை அறுக்கும், குறைந்தால் வண்டல் தங்கும். "தண்ணி எறங்கறது தண்ணிக்கே தெரியக்கூடாது." இதுவும் அப்புச்சி சொன்னதுதான்.

சரி, அணைகள்.

படத்தில் உள்ள நீலக் கோடுகளை விரலால் பின்தொடர்ந்து போனால் ஒன்று சட்டென்று பிடிபடும். பெரிய ஆறுகள் மேற்கே போகின்றன. சோலையாறும் பரம்பிக்குளத்தாறும் சாலக்குடிப் புழையில் சேர்ந்து அரபிக்கடலுக்கு. ஆழியாறும் சமவெளிக்கு இறங்கிப் பாலக்காட்டுப் பக்கம் திரும்பி பாரதப்புழைக்கு. தென்மேற்குப் பருவமழை முழுவதும் இந்தத் தாளின் மேல் கொட்டுகிறது. சின்னக்கல்லாற்றில் மழை பெய்தால் நாள்கணக்கில் வெளியே தலைகாட்ட முடியாது. மலையின் கிழக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் அதே ஆடி மாதம் காற்று மட்டும் வீசும். மேகம் மலைக்கு மேலே தெரியும், வராது. அப்பாவைப் பெற்ற எங்கள் அப்பாரு காலத்தில் கிணறு நூறடியைத் தாண்டியும் கமலை ஓட்டியிருக்கிறார்கள். அந்தத் தண்ணீரைக் கிழக்கே திருப்ப வேண்டும் என்ற எண்ணம், காமராசர் முதலமைச்சராகவும் சி. சுப்பிரமணியம் அமைச்சராகவும் இருந்த காலத்தில் திட்டமாக வந்தது. 1961 அக்டோபரில் நேரு வந்து தொடங்கிவைத்தார்.

என் படத்தில் சோலையாற்றுப் பள்ளத்தாக்கில், 3,300 அடிக் கோட்டுக்குச் சற்றே உள்ளே தள்ளி, நீலப் பென்சிலால் ஒரு கோடு இழுத்திருக்கிறது. பழுப்புக் கோடு வளைகிற இடத்திலெல்லாம் வளைந்து, ஓடை உள்ளே புகுகிற இடத்திலெல்லாம் தானும் உள்ளே புகுந்து, கடைசியில் பள்ளத்தாக்கு குறுகும் இடத்தில் ஒரு சின்ன நேர்கோட்டில் முடிகிறது. கோட்டுக்குள் பென்சிலைச் சாய்த்து இலேசாக நீலம் தீற்றியிருக்கிறது. சின்ன வயதில் ஏதோ பிள்ளை கிறுக்கியது என்று நினைத்தேன். சோலையாறு அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 3,290 அடி என்று படித்தபோதுதான் உறைத்தது. யாரோ ஓர் இன்ஜினியர், முகாமில் அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில், இன்னும் கட்டாத அணையை நிரப்பிப் பார்த்திருக்கிறார். அந்தச் சின்ன நேர்கோடுதான் அணை.

பரம்பிக்குளத்தில் இன்னொரு கோடு. 1,800க்கும் 1,900க்கும் நடுவே கால்வாசித் தூரத்தில். அந்த அணையின் மட்டம் 1,825. எவ்வளவு பொறுமையாக அளந்து இழுத்திருக்கிறது பாருங்கள். சோலையாற்றுத் தண்ணீர் மின்சாரம் கொடுத்துவிட்டுப் பரம்பிக்குளத்துக்கு இறங்குகிறது. அங்கிருந்து சுரங்கத்தில் 1,770 அடி மட்டத்தில் இருக்கும் தூணக்கடவுக்கு. அங்கிருந்து மலையைக் குடைந்து சர்க்கார்பதிக்கு. அங்கே மறுபடி மின்சாரம். பிறகு காண்டூர் கால்வாய். படிப்படியாக, ஒவ்வொரு பழுப்புக் கோட்டையும் கணக்குப் பார்த்து, மேற்கே போக இருந்த தண்ணீரைக் கிழக்கே அழைத்து வந்துவிட்டார்கள். திருமூர்த்தி அணையிலிருந்து கோவை, திருப்பூர் மாவட்டங்களில் சுமார் 3.77 லட்சம் ஏக்கர் நாலு மண்டலமாக மாறி மாறிப் பாய்கிறது. எங்கள் முறை வரும்போது, வாய்க்காலில் தண்ணீர் வந்ததும் அப்பா முதலில் குனிந்து ஒரு கை அள்ளித் தலையில் தெளித்துக்கொள்வார். இன்றைக்கும் அப்படித்தான்.

ஆனால் நீலப் பென்சிலுக்குள் என்ன இருந்தது என்றும் படத்தில் தெரிகிறது. காட்டுப் பாதைகள், ஓடைகள் கூடும் இடங்கள், ஒன்றிரண்டு குடிப் புள்ளிகள். தூணக்கடவு என்று இறங்கிக் கடந்த துறையின் மேல் இன்று நீர்த்தேக்கம் நிற்கிறது, பெயர் அணைக்குப் போய்விட்டது. பெருவாரிப்பள்ளமும் அப்படித்தான். அங்கிருந்த காடர்கள் இடம் மாற வேண்டியிருந்தது. எங்கள் தென்னைக்கு வந்த தண்ணீர் யாருடைய வாசல் மேல் நின்றுவிட்டு வருகிறது என்பதை எங்கள் ஊரில் எல்லோரும் ஒருமுறையாவது தெரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. அதற்காகவே இந்தப் படத்தை வீட்டுக்கு வருகிற ஒரம்பரைக்கெல்லாம் விரித்துக் காட்டுகிறேன்.

ஒரு கோடையில், ஆழியாறு அணை அடிமட்டத்துக்கு வற்றியிருந்தபோது, மகளைக் கூட்டிக்கொண்டு வால்பாறை மலை ஏறினேன். நாற்பது கொண்டை ஊசி வளைவில் ஒன்பதாவதில் லோம்ஸ் வியூ. அங்கே நின்றால் அணை முழுவதும் காலடியில் தெரியும். மதில் சுவர்மேல் படத்தை விரித்தோம். காற்றுக்கு நாலு மூலையிலும் கல் வைத்தோம். கீழே, வெடித்துக் கிடந்த சேற்று வெளியின் ஓரம் முழுக்க வளையம் வளையமாக வரிகள். தண்ணீர் குறையக் குறைய ஒவ்வொரு மட்டத்திலும் கொஞ்ச நாள் நின்று விட்டுப்போன தடம். பழுப்பு நிறம். ஓடை புகுந்த இடங்களில் உள்ளே மடங்கி, மேட்டைச் சுற்றி வெளியே வளைந்து.

"அப்பா, படத்துல இருக்கற கோடுங்கப்பா" என்றாள்.

அவளுக்கு நான் செங்கல் உடைசலும் சட்டியும் தேட வேண்டியிருக்கவில்லை. அப்புச்சியின் சட்டி இவ்வளவு பெரிதாகக் கிடந்தது. சேற்றுக்கு நடுவே தண்ணீரில் மூழ்கிக் கிடந்த பழைய பாலமும் அந்த ஆண்டு வெளியே வந்திருந்தது. படத்தில் சிவப்புப் பாதை நீலக் கோட்டைத் தாண்டும் இடத்தில் விரலை வைத்துக் காட்டினேன். அவள் கீழே பார்த்தாள், படத்தைப் பார்த்தாள், மறுபடி கீழே பார்த்தாள். வளைவில் வந்த பேருந்து ஹாரன் அடித்ததும்தான் நாங்கள் ஓரம் ஒதுங்கினோம்.

செல்பேசி வரைபடத்தை நான் குறை சொல்ல மாட்டேன், அது வழி காட்டுகிறது. ஆனால் மலையில் அது போகும் பாதையை மட்டும் நீலமாகக் காட்டிவிட்டு மற்றதை வெறும் பச்சையாக விட்டுவிடுகிறது. இந்தத் தாளில் வழி இல்லாத இடத்துக்கும் உயரம் இருக்கிறது, சரிவு இருக்கிறது, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று இருக்கிறது. யாரும் போகாத ஒரு மடிப்பைக்கூட விடாமல் கோடு சுற்றி வந்திருக்கிறது. இப்படிப்பட்ட தாள் உங்கள் வீட்டுப் பெட்டியில் இருந்தால் தயவுசெய்து லேமினேட் செய்துவிடாதீர்கள். பிளாஸ்டிக்கும் சூடும் சேர்ந்து தாளைக் கொன்றுவிடும், திரும்ப எடுக்கவும் முடியாது. கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டாதீர்கள். வெயில் படாமல், ஈரம் படாமல், முடிந்தால் மடிக்காமல் வையுங்கள்.

கடைசியாக ஒன்று. சர்க்கார்பதிக்கு மேலே, கோடுகள் நெருங்கி வரும் ஒரு மடிப்பில், சாதாரணப் பென்சிலால் ஒரு சின்னப் பெருக்கல் குறி இருக்கிறது. பக்கத்தில் தமிழில் இரண்டு சொல். எழுத்து கோணல்மாணலாக, மூன்றாம் வகுப்புக் கையெழுத்து. சங்கிலி இழுத்துத் தாகத்தில் எல்லோரும் உட்கார்ந்துவிட்ட ஒரு மத்தியானம், மூப்பன் பாறை இடுக்கில் இலையைக் கோதி ஓர் ஊற்றைக் காட்டினாராம். கோடையிலும் வற்றாததாம். அந்த இடத்துக்குப் படத்தில் பெயர் இல்லை. இன்ஜினியரிடம் பென்சில் வாங்கி அப்புச்சியே எழுதிவைத்திருக்கிறார். அது புலிகள் காப்பகத்துக்குள் இருக்கும் இடம், நினைத்தபோது போய்ப் பார்க்க முடியாது. நான் பார்த்ததில்லை. ஆனால் இந்தத் தாள் முழுவதிலும் தமிழ் எழுத்து அந்த ஓர் இடத்தில்தான் இருக்கிறது.

போன மாதம் படத்தைப் பெரிய ஸ்கேனரில் நகல் எடுக்கக் கோவைக்குக் கொண்டுபோனேன். கட்டட பிளான் பிரிண்ட் போடும் கடை. வேலை பார்த்த பையன் ரொம்ப அக்கறையாக, தாளை அழுத்தாமல், இரண்டு பேராகப் பிடித்து உள்ளே விட்டான். திரையில் படம் வந்ததும் ஒவ்வொரு மூலையாகப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே வந்தவன் அந்த இடத்தில் நிறுத்தினான்.

"அண்ணா, இந்தப் பென்சில் அழுக்கெல்லாம் எடுத்துட்டு நல்லா கிளீனா பண்ணித் தரட்டுங்களா?"

"வேண்டாந் தம்பி. அது அழுக்கு இல்ல. ஒரு ஊத்தோட பேரு."

அவன் இன்னும் கொஞ்சம் பெரிதாக்கி, திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய், எழுத்துக்கூட்டிப் படித்தான்.

"மூப்பன் ஊத்து."